எப்போது நிறுத்தினார்?

செஞ்சிக் கடைவீதியில் இருக்கும் எங்கள் நெல் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் சர்வர் வேலை பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்ப்பார்.

எங்கள் பாஸ்வேர்டுகளைச் சரிபார்க்க டொமைன் கன்ட்ரோலர் என்று இரண்டு சர்வர்கள் உண்டு. பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்த வேண்டும். ஒன்று நின்றால் மற்றது பார்த்துக்கொள்ளும், ஆனால் மற்றதிடம் போய்க் கேட்க மெயிலுக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மெயில் நின்றுவிடும் என்றார். மெயில் நின்றால் நெல் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

“அமாவாசைக்கு எல்லாரும் மலையனூர் கோயிலுக்குப் போயிடுவோம் சார். ஆபீஸ் லீவு. அன்னிக்கு நிறுத்துங்களேன்,” என்றேன்.

“ஆளே இல்லாதப்ப மெயில் நின்னா, எனக்கு யார் சொல்றது?”

லீவு நாள் வேண்டாமாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள், ஆர்டர் குவியும் நேரத்தில் வந்து உட்கார்ந்தார். எதையோ தட்டினார். பிறகு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயில் வந்தபடியே இருந்தது. முதலாளி பொறுமை இழந்தார்.

“இன்னா சார், எப்பதான் நிறுத்துவீங்க?”

“நிறுத்தி, வேலய முடிச்சி, திரும்பப் போட்டும் ஆச்சி.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் மெயில் தாமதமானால் நான் திரையைப் பார்ப்பதில்லை. சுற்றியிருப்பவர்களின் முகங்களைப் பார்க்கிறேன். அங்கே என்ன தெரிய வேண்டும் என்றுதான் இன்னும் புரியவில்லை.