ஜெயசிங் அண்ணன் வைத்த சத்தம்

காதைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அருவருப்பு கூடாது என்பார்கள். எனக்கு உண்டு. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாகக் காது கேட்கும் அளவைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சீழ், அழுக்கு, உள்ளே போய்ச் செத்த பூச்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் ஜெயசிங் அண்ணனின் காதைச் சுத்தம் செய்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

காதுக்குள் இரைச்சல் என்று வந்திருந்தார். அதற்கு அவரே ஒரு வைத்தியமும் பார்த்திருந்தார். தேங்காயெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இரண்டு வாரமாக ஊற்றியிருக்கிறார். டாக்டர் இடுக்கியால் இழுத்தபோது கறுப்பாக ஓர் உருண்டை வந்தது, அதில் அரைப் பல் பூண்டு. அறை முழுக்க அழுகல் நாற்றம். நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து, "எண்ணெ நல்லதாக்கும் லேகா, நீ படிச்ச புள்ள, உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. அமரவிளையில் மைக் செட் வைத்திருப்பவர், வயது ஐம்பத்து நான்கு. பத்தொன்பது வயதில் இரண்டு குழாய் ஒலிபெருக்கியை சைக்கிளில் கட்டி வெள்ளறடை வரை போய்த் தென்னையில் ஏறிக் கட்டியவர். இன்று ஆளுயரப் பெட்டிகள் எட்டு வைத்திருக்கிறார். கோயில் உற்சவமும் அவர்தான், கிறிஸ்தவ சபையின் கன்வென்ஷன் கூட்டமும் அவர்தான். சத்தத்தை அளக்கும் கருவி எதையும் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. பெட்டிகளைக் கட்டி முடித்ததும் மைதானத்தின் கடைசியில் போய் நிற்பார். மேடையில் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். அந்த 'ஸ்' அவர் காதில் சுரீரென்று ஏறும் வரை கீச்சுச் சத்தத்தின் திருகைக் கூட்டச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பார். கையை இறக்கினால் அதுதான் அளவு. அதற்குமேல் யாரும் திருகைத் தொடக் கூடாது.

வருஷத்துக்கு வருஷம் அந்தக் கை இறங்க நேரமானது. எங்கள் வீடு கூட்டம் நடக்கும் ஊர் மைதானத்துக்கு எதிரே இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். பாட்டில் வரும் ஜால்ரா கத்தியால் கீறுவது போலிருக்கும். பிரசங்கியார் வாயைத் திறந்தால் எச்சில் தெறிப்பது கூடக் கேட்கும். ஊரில் யாருக்கும் இது குறையாகப் படவில்லை. ஆற்றுப் பாலம் வரை கேட்டதாம், அதற்காக மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். சனங்களின் காதைக் கெடுத்ததற்குப் பொன்னாடை. அருவருப்போடு பாதியில் எழுந்து வந்தேன்.

அன்று காதைச் சுத்தம் செய்தபின் அவரைச் சோதித்த தாள் கையில் வந்தபோதுதான் காரணம் புரிந்தது. தாழ்ந்த சத்தம் எல்லாம் ஓரளவு கேட்கிறது. உயர்ந்த கீச்சுச் சத்தத்தில் கோடு கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது. தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு அவருக்கு விளக்கினேன்.

காதின் உள்ளே, எலும்புக்குள், பட்டாணி அளவுக்கு ஒரு நத்தை ஓடு இருக்கிறது. இரண்டரைச் சுற்று. உள்ளே முழுக்கத் திரவம். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. சவ்வின் மேல் வரிசையாக முடி முளைத்த செல்கள், உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் மூன்று. எல்லாம் சேர்த்து ஒரு காதுக்குப் பதினையாயிரம் சொச்சம். சத்தம் வந்தால் திரவம் அலையும், சவ்வு குதிக்கும், முடிகள் சாயும். வெளி வரிசைகள் தாமும் துள்ளிச் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கித் தரும். உள் வரிசை அதை நரம்புக்குச் சொல்லும். கீச்சுச் சத்தத்துக்கு வாசலருகே இடம், தாழ்ந்த சத்தத்துக்கு உச்சியில். பெரிய சத்தத்தில் பெரும்பாலும் வாசல் பக்கத்து முடிகள்தான் முதலில் சாகும்.

"செத்தா திரும்ப முளைக்காதா?"

"கோழிக்கு முளைக்கும் அண்ணே. மனுஷனுக்கு முளைக்காது."

"கோழிக்கு உண்டு, எனக்கு இல்லையா?" என்று சிரித்தார். "நல்ல கதையாட்டு இருக்கு."

"உங்களுக்கு அந்த 'ஸ்' கேக்கல்ல. கேக்காததினால கூட்டுறீங்க. மத்தவங்களுக்கு அது ஊசியா குத்துது. இனி வேற ஆள வச்சு சவுண்டு பாருங்க."

சிரிப்பு நின்றது. "முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் காத வச்சாக்கும் சோறு தின்னேன். உன் மிஷின் பொய் சொல்லும், என் காது சொல்லாது." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் கன்வென்ஷன்.

கன்வென்ஷனின் மூன்று நாளும் அவர் கை முன்னெப்போதையும் விட நேரம் கழித்தே இறங்கியது. மேடையில் பாடகர் குழு, முன்வரிசையில் அவர் மகள் சோனா. இருபத்திரண்டு வயது, நல்ல குரல். அவள் நிற்கிற இடத்துக்கு இரண்டடியில் ஒரு பெட்டி, பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்பதற்காக, அவள் முகத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வருஷமாக அவளுக்கு அதே இடம். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். காதில் பஞ்சு வைத்தேன். மனதுக்குள் ஊரையே திட்டிக்கொண்டு டீ குடித்தேன்.

ஒரு மாசம் கழித்து சோனா அப்பாவோடு கிளினிக்குக்கு வந்தாள். காதில் இரைச்சல் அடங்கவில்லை, பாடும்போது தன் சுருதி தனக்கே நிச்சயமில்லை என்றாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஜெயசிங் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். தாழ்ந்த சத்தங்களுக்கு உடனுக்குடன் அழுத்தினாள். கீச்சுச் சத்தத்துக்கு வந்ததும் அவள் கட்டைவிரல் அசையவில்லை. கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

"சத்தம் விடு லேகா, புள்ள காத்திட்டு இருக்கு" என்றார்.

"விட்டாச்சு அண்ணே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விரல் அசைந்தபோது என் கருவியின் திருகு எந்த எண்ணில் நின்றது என்று அவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருகைப் பார்த்தே சத்தம் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவர் அவர்.

"நான் வச்ச சவுண்டு" என்று மட்டும் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தார். அவர்மேல் எனக்கு இத்தனை நாளாக இருந்த அருவருப்பைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அதை அவர்மேல் கொட்ட எனக்கு வாய் வரவில்லை.

சோனா வெளியே வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. எந்த இடத்தில் கோடு விழுகிறது என்று அவளுக்கே புரிந்தது.

"அக்கா, உங்க வீடு மைதானத்துக்கு எதிரத்தானே. அன்னைக்கு சவுண்டு கூடுதல்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பாக்கு காது போச்சுன்னும் தெரியும்?"

"தெரியும்."

"நான் பெட்டி முன்னால நிக்கியதும்?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நான் தள்ளி நின்னிருப்பேன்" என்று சொல்லிவிட்டு பெஞ்சிலிருந்து அப்பாவை எழுப்பக் கையை நீட்டினாள்.