ஏரியின் மேல் பதினொரு மாடுகள்

என் ஓரகத்தி துர்துபுபுவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இதுவாவது நிலைக்கட்டும் என்றுதான் ‘நின்றவள்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்களாம். தும்மினாலும் பொத்திப் பொத்தி வளர்த்ததில் பயம் அவளோடு ஒட்டிக்கொண்டது. லாரிச் சத்தத்துக்குப் பயம். பாமீர் காற்று வேகமெடுத்தால் பயம். ஏரி என்றால் மற்ற எல்லாவற்றையும்விடப் பயம். எங்கள் ஊரோ ஏரிக்கரையில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அது உறைந்து கிடந்து முனகிக்கொண்டே இருக்கும்.

“ஏரி ஒரு ஏப்பம் விட்டா நீ மூணு நாளைக்கு வெளிய தலைகாட்ட மாட்டியே பொண்ணே” என்று பக்கத்து வீட்டு எர்மாமத் கிழவர் அவளைச் சீண்டுவார். அவளும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த மே மாதம் எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் மாவு வாங்க முர்காப் நகரத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்க்கரையில் கொஞ்சம் புல் உண்டு. குளிர்காலத்தில் யாக் மாடுகளைப் பனிக்கட்டி மேலேயே ஓட்டிப்போய் அங்கே மேய்ப்போம். ஏப்ரலோடு நிறுத்திவிடுவோம். மாடுகளுக்கு வழி தெரியும், மாதம் தெரியாது. நடுப்பகலில் சாணம் பொறுக்க வெளியே வந்த நான்தான் முதலில் பார்த்தேன். சாம்பல் நிறமாகிவிட்ட பனிக்கட்டியின் நடுவே கறுப்புப் புள்ளிகளாகப் பதினொன்றும் நின்றன. கொட்டகையில் கட்டியிருந்த கன்று போக, இரண்டு குடும்பத்துக்கும் இருந்ததே அவ்வளவுதான்.

போனது போகட்டும், மாட்டுக்காக மனுஷி இறங்கக் கூடாது என்று கிழவர் தடுத்தார். துர்துபுபு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கொட்டகைக்குள் போய், கூட்டத்தை நடத்திச் செல்லும் மாட்டின் கன்றை அவிழ்த்து வந்தாள். ஒரு நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினாள்.

“அக்கா, உனக்கு எதுக்கு இது?”

“என்னைப் பேச வைக்காத ஷெரிபா. கயிறை மட்டும் விட்டுடாத.”

அவள் முன்னால் கன்றோடு, நான் இருபதடி பின்னால். பனிக்கட்டி மேல் விரல்கடை அளவுக்குத் தண்ணீர் நின்றது. காலடியில், புதுத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பி எங்கோ தூரத்துக்கு ஓடியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் குந்தி உட்கார்ந்து கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்தாள். அல்லாவின் பெயரைச் சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது.

“திரும்பிடலாம்க்கா.”

“நானும் அதையேதான் நெனச்சிட்டு வர்றேன்” என்றாள். ஆனால் நடந்தாள்.

மாடுகளுக்கு முன்னால் பனிக்கட்டி பிளந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. மிரண்டுபோய் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றின் கனத்தில் அந்த இடமே தாழ்ந்திருந்தது. இதற்கு மேல் போனால் எங்கள் கனமும் சேரும். அவள் நின்று, கன்றின் காதை அழுத்திக் கிள்ளினாள். அது கதறியது. தாய் மாடு தலையைத் திருப்பியது. உறுமிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. மற்றவையும் பின்னால் வந்தன. கடைசியில் நின்ற இரண்டு இளமாடுகள் திரும்புவதற்குள் பனிக்கட்டி பலகைபோல் சாய்ந்தது. கொம்புகள் தெரிந்தன, மூச்சுக்காற்றின் ஆவி தெரிந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை.

அதே நேரம் துர்துபுபுவின் வலது கால் தொடைவரை உள்ளே இறங்கியது. கயிறு என்னை வெட்டி இழுத்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். என் கை முதலில் போனது என் இடுப்பு முடிச்சுக்கு. அவிழ்த்துவிடத்தான் போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குப்புற விழுந்து இழுத்தேன்.

ஒன்பது மாடுகள் கரையேறின. அவளால் பூட்ஸைக்கூடக் கழற்ற முடியவில்லை. உப்புத் தேநீர் பாதி மடியிலேயே சிந்தியது. நாலு நாள் நடுக்கம் நிற்கவில்லை. முர்காபிலிருந்து திரும்பிய அவள் கணவர் மாமத்கெரிம் முதலில் கேட்டது அந்த இரண்டைப் பற்றித்தான்.

“ரெண்டு போச்சு. பயத்துல அதுக்கு மேல போக முடியல” என்றாள்.

அவர் அடுப்பை மூட்டினார். வெந்நீர் வைத்து அவள் காலுக்கு ஊற்றினார்.

ஜூனில் செத்த மாடுகள் கரை ஒதுங்கின. தோலாவது ஆகும் என்று ஆண்கள் கிளம்பியபோது அவளும் போனாள். முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டே நின்று, உரித்து முடியும்வரை மாட்டின் கால்களைப் பிடித்துக்கொடுத்தாளாம். என்னையும் கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.