கணக்கில் வராத கூலி

வரிப் படிவத்தில் 'சம்பளம்' என்று இருந்த கட்டத்துக்கு எதிரே ஒவ்வோர் ஆண்டும் என் பேனா சற்று நின்றுதான் நகரும். டுரியான் துங்கால் என்ற சிற்றூரில் அத்தையும் மாமாவும் நடத்திய தோசைக்கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவள் நான். மலாக்கா டவுனில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் எனக்கு வேலை. சொந்தக்காரி என்பதால் மாமா காசு கொடுக்க மாட்டார். வயிறு நிறையத் தோசை கொடுப்பார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. காலை நான்கு மணிக்குக் கல்லைச் சூடேற்றினால், மாலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை உட்கார மாட்டார். இருபத்திரண்டு வருடம் அப்படி. மாமா கல்லாவில் உட்கார்ந்து, சாப்பிட வரும் பக்கத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் கதையளப்பார். "இந்த வெலைக்கு வேற எங்கயும் தோசை கெடைக்காது லா" என்பது அவருடைய பெருமை. கிடைக்காதுதான். சுடுகிறவளுக்குச் சம்பளம் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் மலிவாக விற்கலாம்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மாமா, அத்தைக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு எழுதுங்க. அதையும் சேத்து வெலை வைங்க. அப்பத்தான் கடை உண்மையில என்ன சம்பாதிக்குதுன்னு தெரியும்."

மாமா கடையே அதிரச் சிரித்தார். "பொண்டாட்டிக்குச் சம்பளமா? அப்புறம் லீவு கேப்பா, போனஸ் கேப்பா!"

அத்தையும் சிரித்தார். "கல்லாவே நம்மளோடது. எனக்கு எதுக்குமா சம்பளம்?"

நானும் சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தில் சைபர் போட்டேன். கீழே லாபம் என்று எழுதிய தொகை முழுக்க அத்தையின் கூலி. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

பிறகு அத்தையின் முட்டி விட்டுப்போனது. இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஒருவர் இடத்துக்கு இரண்டு ஆள் வைக்க வேண்டியிருந்தது. அவர்கள் சம்பளம் போக, கடை வாடகைக்கே மிச்சமில்லை. மாமா விலையைக் கூட்டினார். அத்தனை வருடம் மலிவுக்குப் பழகியவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஒன்பதே மாதத்தில் கடையை மூடினார்.

"இத்தன வருஷம் லாபம் வந்துச்சே, எங்கம்மா போச்சு?" என்று என்னைக் கேட்டார். முட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே கட்டிலில் கிடக்கிறதே, அதுதான் மாமா உங்கள் லாபம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சைபர் போட்ட கைக்கு அந்த யோக்கியதை ஏது? அடுத்த வருடமே மாமா போய்ச் சேர்ந்தார்.

அத்தைக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. குருபோங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது மடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். அவருடைய முதல் சம்பளச் சீட்டு.

"சரியா போட்டிருக்காங்களான்னு பாரும்மா."

பார்த்தேன். "சரியா இருக்கு அத்தை."

"ஒரு நாளு ரெண்டு மணி நேரம் கூடுதலா இருந்தேன்," என்றார் அத்தை, ஆச்சரியம் தாங்காமல். "அதக்கூட எழுதியிருக்காங்கம்மா."