நீட்டிய இடது கை

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நெடுங்கேணியிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் ஆசிரியை என் பக்கத்தில் அமர்ந்தார். நீலச் சேலை, தோளில் சாரணியர் சின்னம். அது நேராக இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். இந்தியாவில் எல்லா நாட்டுச் சாரணியருக்குமாகத் திறந்திருந்த விடுதியில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தவராம்.

“அங்கை ஆரைச் சந்திச்சாலும் கைகுலுக்க இடக்கையைத்தான் குடுப்பம். அதுதானே நெஞ்சுக்குக் கிட்ட. இஞ்சை ஆர் பிடிப்பினம்?” என்று சிரித்தார்.

“உங்கடை பிள்ளையளுக்குப் பழக்கலாமே, ரீச்சர்?”

“பழக்கினனான். தாய்மார் சண்டைக்கு வந்திட்டினம்.”

காட்டோரப் பள்ளிக்கூடத்தடியில் எழுந்தவர், “வாறன் தங்கச்சி” என்று இடது கையை என்னிடம் நீட்டினார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். நீட்டிய கையால் சின்னத்தைச் சரிசெய்துகொண்டு அவர் இறங்கினார். அவரைக் கூட்டிப்போக யாரும் வந்திருக்கவில்லை.

இப்போது மகள் இடது கையால் பிஸ்கட் கேட்டால், “மற்றக் கை” என்று திருத்துகிறேன். திருத்தத்தானே வேண்டும்? ஆனால் வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, முதலில் அந்தக் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.