நின்றபடியே சூடான மோட்டார்

நன்றாக இருந்த ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பொம்மைக் கார் மோட்டாரை மாட்டி வைத்த மனிதரை என்னவென்று சொல்வது? என் சித்தப்பாவைத்தான் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தேர்வானால் தருமபுரிக்கு, மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். அந்த ஆசையில் நிலக்கடலை விதைக்கும் இயந்திரம் ஒன்று செய்திருந்தேன். அட்டைப் பெட்டிக்குள் ஓட்டைகள் போட்ட சக்கரம். கொஞ்சம் நகர்ந்து நிற்கும், ஒரு விதை விழும், மறுபடி நகரும். பழைய பிரிண்டரிலிருந்து எடுத்த ஸ்டெப்பர்தான் அதற்கு உயிர். சொன்ன அளவு திரும்பும், சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். பொம்மைக் காரில் இருக்கிற சாதாரண டிசி மோட்டாரிடம் அந்தப் பேச்சே கிடையாது. கரண்டு கொடுத்தால் ஓடும், எங்கே நிற்பது என்று அதற்கே தெரியாது. சர்வோ என்றால் இன்னும் உசத்தி, தான் இருக்கும் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். சர்வோவுக்கு நான் எங்கே போவேன்!

சித்தப்பா எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கண்காட்சியன்று காலையில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ளப் போனேன். அதற்குள் பெட்டியைத் திறந்து வேலையை முடித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நடுவர் குனிந்து பார்த்தபோது சுவிட்சைப் போட்டேன். சக்கரம் பேய் பிடித்தது போலச் சுற்றியது. கடலை நாலாபக்கமும் பறந்தது. ஒன்று நேராக அவர் மூக்குக் கண்ணாடியில் போய் அடித்தது.

“ஏம்மா, இது விதைக்கிறதா, சுடறதா?” என்றார். அறையே சிரித்தது. தருமபுரிக்கு எரிமலை செய்தவள் போனாள். எரிமலையாம்! வினிகரும் சோடா மாவும்! அதற்கு மோட்டாரே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். “யாரைக் கேட்டுத் தொட்டீங்க?”

“அது நின்னுக்கிட்டே கொதிக்குது சாமி. தொட்டுப் பாத்தேன், கை வெக்க முடியல. சுத்தாம சூடாவுற மோட்டாரு எரியப் போவுதுன்னு அர்த்தம். உன் கையில நெருப்புப் புடிச்சிருந்தா?”

“ஸ்டெப்பர் நிக்கறப்பவும் கரண்டு இழுக்கும் சித்தப்பா! சூடாகத்தான் செய்யும்! இதுகூடத் தெரியாதா?”

“தெரியலையே சாமி” என்றார். நான் பல நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது ஓசூரில் சர்வோ மோட்டார்களோடுதான் எனக்குப் பிழைப்பு. அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும்; அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தை எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஆசிரியை சூப்பர் என்றார், அம்மா திருஷ்டி கழித்தாள், தோழிகள் கை தட்டினார்கள். அந்த இயந்திரத்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தவர் ஒரே ஒருவர். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.