பாஞ்சோ வாசித்த எங்கள் அத்தான்

சிவன் தந்தார், சிவன் எடுத்தார் என்று மனதை ஆற்றப் பார்க்கிறேன். அத்தானின் ஆண்டுத் திவசமும் வந்துவிட்டது, மனம் ஆறவில்லை. அக்காவின் ஒரே தம்பி நான். ஒக்லாந்தில் விரி என்ற இடத்தில் ஒரு பொருட்கிடங்கில் வேலை, படிப்புக் குறைவு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

அத்தான் அமெரிக்காவில் நிலக்கரி தோண்டும் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். அந்த மலைச் சனங்களின் பழைய பாட்டுகளைப் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுவதே அவரது தொழில். ஒக்லாந்துக்குப் பாட வந்தவர் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே அக்கா நேர்ஸ். கை பொருந்தியது, மனமும் பொருந்தியது. அங்கேயே த்ரீ கிங்ஸ் பகுதியில் வீடு எடுத்தார்கள். அக்காவிடம் எங்கள் தமிழையும் பழகிக்கொண்டார். பிள்ளைப் பாக்கியம் மட்டும் கிட்டவில்லை.

வெள்ளைக்காரனைக் கட்டினவள் என்று சொந்தங்களில் பலர் அக்காவோடு கதைப்பதை விட்டார்கள். தீபாவளி, பொங்கலுக்கு அத்தான் என்னிடம் கேட்பார்.

"தம்பி, இண்டைக்கு ஆரும் கோல் எடுத்தவையோ?"

"இல்லை அத்தான்."

"லைன் கிடைச்சிராது" என்று தானே சமாதானம் சொல்லுவார்.

வாடகை மண்டபத்தில் நடக்கும் கூட்டுப் பிரார்த்தனைக்கு வரும்போது பாஞ்சோவைக் காரிலேயே விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"இது மாட்டுக் கண்டுத்தோல், தம்பி. சாமிக்கு முன்னால கொண்டு வரலாமோ?"

"அப்ப மிருதங்கம் என்ன, மரக்கறியோ அத்தான்?"

சிரித்துச் சிரித்து இருமினார். அடுத்த கிழமை தொடங்கித் தேவாரத்தோடு பாஞ்சோவும் சேர்ந்தது. மழைக்குத் தோல் தளர்ந்தால் ஹீட்டருக்கு முன்னால் பிடித்துக் காய்ச்சிவிட்டு, குரலை மிஞ்சாமல் மெல்ல மீட்டுவார்.

பிறகு நெஞ்சில் புற்றுநோய் வந்தது. பாட மூச்சில்லை. ஒருநாள் அக்கா தேநீர் எடுக்கப் போன நேரம் என் கையைப் பிடித்தார். "தம்பி, அவவைத் தனிய விடாதேங்கோ" என்றார். ஓம் என்றேன்.

இறுதிக் கிரியையில் எங்கள் பக்கத்து நாற்காலிகள் பல வெறுமையாகக் கிடந்தன. "கிரியை செய்ய உரித்துக்காரர் ஆரும் இருக்கினமோ? சகோதரங்கள்?" என்று ஐயர் கேட்டார். அத்தானோடு பிடில் வாசித்த வெள்ளைக்கார நண்பருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். "சகோதரன் என்றால் நான்தான்" என்று எழும்பினார். ஐயர் திகைத்து அக்காவைப் பார்த்தார்.

"ஓம் ஐயா, அவர்தான்" என்றார் அக்கா.

அவருக்கு நான் வேட்டி கட்டிவிட்டேன். நாக்குப் புரளாத மந்திரங்களையும் அந்த மனிதர் ஒன்று விடாமல் சொல்லி, தர்ப்பை போட்ட விரலால் தகனப் பொத்தானை அழுத்தினார்.

அவருக்கும், ஐயருக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், மச்ச மாமிசம் சேராமல் தாரோக் கிழங்கு அவித்துத் தந்த பக்கத்து வீட்டு சமோவா அம்மாவுக்கும் எங்கள் நன்றி. கனடாவிலும் லண்டனிலும் இந்த நினைவு மலரைப் பிரித்துப் பார்க்கும் உறவுகளுக்கும் நன்றி.

நான் கொடுத்த வாக்கை என்னால் தனியே காப்பாற்ற முடியவில்லை. வேலை முடிந்து தினமும் அக்காவிடம் போகிறேன். இருவரும் மழையைப் பற்றிக் கதைக்கிறோம். அத்தானின் பேச்சை எடுத்தால் அக்கா அழுவார் என்று நான் எடுப்பதில்லை, வருகிறவர்களும் எடுப்பதில்லை. அப்படியே அக்கா அத்தானின் நினைவோடு தனித்துப் போய்விட்டார். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அக்காவைக் காணும்போது அத்தானைப் பற்றிக் கேளுங்கள். அழுவார். அழட்டும். எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருங்கள்.