நான்கு நிமிடம் இருபது விநாடி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. வயரக்கா என்று கேளுங்கள். வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை கை காட்டுவார்கள். டெலிபோன் ஆபரேட்டராக வந்தவள். அழைப்புகளை இணைக்கும் அந்தப் பழைய டெலிபோன் பலகையைக் கழற்றிய அன்று கூட இருந்த மூன்று பேரும் வேலையை விட்டுப் போக, இவள் மட்டும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டாள். பதினேழு வருடத்தில் ஐந்து மாடிக் கம்பிகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நீ கட்டிக்கிட்டது என்னையா, அந்த சுவிட்ச் பெட்டியையா?" என்று தையல்காரக் கணவர் அலுத்துக்கொள்வார். "பெட்டி எதிர்த்துப் பேசாதுல்ல" என்பாள்.

அவள் செய்ததிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது குழந்தைத் திரைகள். குறைமாதக் குழந்தைகள் முதல் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஆபரேஷன் ஆன தாய்மார்கள் மூன்றாம் மாடியில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு கேமரா, தாயின் கட்டிலருகே ஒரு சின்னத் திரை. கேமரா தனக்கென்று உள்ள ஒரு குழு எண்ணுக்கு ஒரே ஒரு பிரதியைத்தான் அனுப்பும். யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பார்க்க விரும்பும் திரை, "இந்தக் குழுவில் நானும் உண்டு" என்று ஒரு சேதி விடும். வழியில் கம்பிகளெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி அதைக் காதில் வாங்கிக்கொண்டு அந்தக் கம்பிக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்பும். தாயின் கட்டிலுக்கு ஒன்று, தகப்பன் காத்திருக்கும் கூடத்துக்கு ஒன்று, நர்ஸ் மேசைக்கு ஒன்று. கேட்காத இடத்துக்கு எதுவும் போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது கெட்டுப்போனது. திரை இருண்டிருந்தால்கூடப் பரவாயில்லையே! கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நின்றது. அடப் பாவமே, பெற்றவள் அதை எப்படிப் பார்ப்பாள்? ஏழாம் கட்டில்காரிக்கு முதல் பிரசவம். அவள் போட்ட கூச்சலில் தையல் பிரிந்துவிடுமோ என்று நர்ஸுகள் பதறினார்கள்.

"மூச்சு விடல! என் புள்ள மூச்சு விடல!"

வயரக்கா ஓடிவந்து திரையை அணைத்துப் போட்டாள். படம் வந்தது, பிள்ளை காலை உதைத்தான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினாள். கீழே போய்ச் சேருவதற்குள் மறுபடி கூச்சல். மத்தியானம் வரை இதே கூத்து.

மேலாளர் வந்தார். "எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க. எல்லாப் படமும் எல்லா இடத்துக்கும் போகட்டுமே."

"செஞ்சு பார்த்துட்டேன் சார். முப்பது கேமரா படமும் ஒவ்வொரு கம்பியிலயும் வந்து கொட்டுது. வார்டு போனெல்லாம் திக்கித் திக்கிப் பேசுது. மறுபடி மூடிட்டேன்."

"அப்போ நாலு மணிக்குத் திரையெல்லாம் கழட்டிடுங்க. நல்லது செய்யப் போய் அந்தப் பொண்ணு உயிரை வாங்கிட்டு இருக்கோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வயரக்காவுக்கு வலித்தது.

ஏழாம் கட்டில்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதீங்கக்கா. நான் வேற எப்படி அவனைப் பார்ப்பேன்? நீங்க பக்கத்துல இருந்தா ஓடுது. போனாத்தான் நின்னுடுது. போகாதீங்க."

வேறு யாராவது என்றால் பிதற்றுகிறாள் என்று நினைத்து, தலையைத் தடவிவிட்டு நகர்ந்திருப்பார்கள். வயரக்காவிடம் அந்த அலட்சியம் கிடையவே கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை அணைத்துப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் இருபது விநாடியில் படம் உறைந்தது. உடனே கீழே நர்ஸுக்குப் போன் போட்டு, தாயின் காதில் வைத்தாள். பிள்ளை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தான். "கேளு கண்ணு, என்னமா கத்துறான் பாரு" என்றாள். மறுபடி போட்டாள். நான்கு இருபது. மூன்றாம் முறையும் நான்கு இருபது.

பழுது என்றால் இப்படி மணி பார்த்தா வரும்? அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"தப்பு என்னோடது சார். ரெண்டாவது மாடி அலமாரியில ஒரு பழைய ரூட்டர் சும்மா கிடக்குதுன்னு, நேத்து ராத்திரி திரையெல்லாம் அணைச்சதும் கழட்டி வச்சுட்டேன். அது சும்மா இல்ல. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, 'யாருக்கு எந்தக் குழு இன்னும் வேணும்'னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. கேட்டாத்தான் திரை 'எனக்கு வேணும்'னு சொல்லும். இப்ப கேக்க நாதியில்ல. நாலு நிமிஷம் இருபது விநாடி பதிலே வரலைன்னா, ஆளில்லைன்னு சுவிட்ச் பேரை அடிச்சுடுது."

"புரியிற மாதிரி சொல்லுங்கம்மா."

"சாப்பாட்டு வண்டி வார்டுக்கு வந்து யாருக்கு வேணும்னு கேக்கலைன்னா, சமையலறையில என்ன நினைப்பாங்க? இங்க யாருக்கும் பசியில்லைன்னுதானே?"

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே."

"காலையிலேர்ந்து ஒருத்தி அழுதிருக்கா சார்" என்றாள் வயரக்கா.

கேட்கும் வேலையை முதல் மாடிப் பெரிய சுவிட்சிடம் ஒப்படைத்தபோது மணி மூன்றே முக்கால். முதல் கேள்வி கிளம்பியது. ஒரு திரையையும் யாரும் தொடவில்லை. பத்து விநாடிக்குள், உறைந்து கிடந்தவை ஒவ்வொன்றாக "எனக்கு வேணும்" என்று பதில் சொல்லி, தாமாகவே உயிர் பெற்றன. கூடத்தில் இருந்த தகப்பன்மார்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

வயரக்கா மூன்றாம் மாடிக்கு ஏறி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏழாம் கட்டில்காரி அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். மூன்று நிமிடம். நான்கு. நான்கு இருபது வந்தபோது வயரக்காவே கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொட்டாவி விடுறான்க்கா!"

திறந்து பார்த்தாள். அத்தனை நாளும் படம் அசைகிறதா என்று மட்டுமே பார்த்தவள், அன்றுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டும் ஆயிற்று. பற்றியிருந்த கை மெல்லத் தளர்ந்தது.

"நீங்க போங்கக்கா" என்றாள் அந்தப் பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இவனை நான் பார்த்துக்கறேன்."